ஓலைக்கு வெளியே

இங்கிலாந்தில் இருந்த நாலு வருஷமும் என் மகளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். இதைச் சிதம்பரத்தில் யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் என் மனைவியைப் பார்த்து, "அப்ப நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்பார்கள். அவள் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து தூங்குகிறவளை எழுப்பி ஜடை போடச் சொல்ல எனக்கு மனசு வராது. அவள் வேலையை வைத்துத்தான் எங்களுக்கு விசா. நான் கூடப் போனவன். ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பகுதி நேர வேலை எனக்கு. மற்ற நேரமெல்லாம் வீடு, சமையல், பிள்ளை.

2004-இல் கடலூரிலிருந்து கிளம்பும்போது மகளுக்கு ஐந்து வயது. அதுவரை நான் அவளைக் குளிப்பாட்டியதுகூட இல்லை. போன புதிதில் அழுகை அழுகையாக வந்தது. பிள்ளைக்கு இல்லை, எனக்கு. அப்புறம் பழகிவிட்டது. நீச்சல் வகுப்பு வாசலில் துண்டோடு காத்திருப்பேன். ஆடுகிற பல்லில் நூல் கட்டி இழுத்திருக்கிறேன். வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த டீச்சருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. வாய் ஓயாமல் சொல்வாள். என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், காட்டுமன்னார்கோயிலிலிருந்து போன் போட்டுக் கேலி செய்வார். "என்ன மாப்ள, ஜடை பின்ற வேலையெல்லாம் எப்படிப் போவுது?" நானும், "இங்க எல்லா ஆம்பளையும் இதத்தான் பண்றான் மச்சான்" என்று சமாளிப்பேன். அது பொய். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை மட்டும் அவரிடம் சொன்னதில்லை.

2008-இல் மனைவியின் வேலை அனுமதியை நீட்டிக்கவில்லை. ஏன் என்று அங்கே யாரும் விளக்கவும் இல்லை, எங்களுக்குக் கேட்கத் தெம்பும் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். மனைவிக்குச் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதனால் வீடு சிதம்பரத்தில், மாடிப் போர்ஷன், வாடகைக்கு. எனக்குக் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில், போவதற்கு முன் வேலை பார்த்த அதே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அதே ஸ்டூல். காலையில் பஸ் ஏறினால் முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகும். உட்கார இடம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் எரிச்சல். சாயங்காலமும் அதேதான், திருப்பிப் போட்டு. வீட்டுக்கு வந்தால் பேசக்கூட வாய் வராது.

ஒன்பது வயதில் வந்திறங்கிய பிள்ளைக்கு இது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பள்ளியில் 'லண்டன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நாங்கள் இருந்தது லண்டன் இல்லை, வடக்கே ஏதோ ஒரு மழைபிடித்த ஊர் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். டீச்சர் திட்டும்போது கண்ணைப் பார்த்தாளாம், அது திமிராம். நேராகப் பார்த்துப் பதில் சொல் என்றுதான் அந்த ஊர்ப் பள்ளியில் நாலு வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் மச்சான் வீட்டில் சாப்பிடும்போது, குழம்பு ஊற்றிய அத்தைக்கு அவள் ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் சொல்ல, மச்சான் சம்சாரம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏன்டி, நான் என்ன மூணாம் மனுசியா? சொந்த அத்தைக்கு எவளாவது தேங்க்ஸ் சொல்வாளா?" என்று கண் கலங்கிவிட்டார். பிள்ளை பயந்து போய் என்னைப் பார்த்தாள். அதற்கும் ஒரு சாரி சொல்லி வைத்தாள். அதற்கும் திட்டு.

நான் என்ன செய்ய? "இங்க எல்லாரும் எப்படி இருக்காங்களோ அப்படியே இருடா, கண்ணு. கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்பேன். அந்த அலுப்பில் எந்த அப்பனும் அதைத்தான் சொல்வான். அவளும் கெட்டிக்காரி. நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள். செருப்பை எங்கே விடுவது, யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது, பெரியவர்கள் பேசும்போது எங்கே நிற்பது, எல்லாம். தேங்க்ஸ் சொல்வதை நிறுத்தினாள், எனக்கும் சேர்த்து. ஆனால் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனைக்கு வருவது மாடியிலிருந்து தெரிந்தால் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்வது மட்டும் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாள் முழுக்க மதர்போர்டு தூசியைத் தின்றுவிட்டு வருகிறவனுக்கு அது ஒன்றுதான் மிச்சம். அது போகாமல் இருந்தால் போதும், வேறு எது போனாலும் போகட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2010. அவளுக்குப் பதினொரு வயது. ஒருநாள் காலை, மனைவி டியூட்டிக்குப் போய்விட்டாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பாத்ரூமிலிருந்து, "அப்பா, கொஞ்சம் வா" என்று குரல். போனேன். கதவை லேசாகத் திறந்து, பல் விழுந்ததைச் சொன்னது போலவே சாதாரணமாக விஷயத்தைச் சொன்னாள். அம்மா நர்ஸ் என்பதால் எல்லாம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள். பயம் ஒன்றும் இல்லை. கவுனில் ஒரு கறை, அதைக் காட்டினாள். மனைவியின் அலமாரியில் தேடி வேண்டியதை எடுத்துக் கொடுத்தேன். சூடாக ஹார்லிக்ஸ் போட்டேன். கடைக்கு லீவு சொன்னேன். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். "இனிமே நீச்சல் போவ முடியாதா?" என்று கேட்டாள். சிதம்பரம் வந்த பிறகு அவள் நீச்சலே போகவில்லை, இருந்தாலும் கேட்டாள். போகலாம் என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஊரில் எத்தனை அப்பன்களிடம் ஒரு மகள் இதை நேராகச் சொல்வாள்? மற்றதெல்லாம் போய்விட்டாலும் இதை நான் கையோடு கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மனைவிக்குப் போன் செய்தேன். அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். தாய்மாமனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டுமாம். மதியத்துக்குள் மச்சானும் அவர் சம்சாரமும் வந்து இறங்கிவிட்டார்கள். பின்னாலேயே ஒரு டாடா ஏஸ், நிறையப் பச்சைத் தென்னை ஓலை. வீட்டுக்காரர் வாசலில் நின்று, "சார், என்ன சார் இது?" என்றார். மச்சான் அவர் தோளில் கை போட்டு ஏதோ பேசினார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரரே மொட்டை மாடிக்கு ஒரு கட்டு ஓலை தூக்கிக்கொண்டு ஏறினார். மச்சான் அப்படிப்பட்ட ஆள்.

"மச்சான், அவளுக்கு ரூம் இருக்கு. ஃபேன் இருக்கு. மொட்டை மாடியில எதுக்குக் குடிசை?" என்றேன்.

அவர் பனியனோடு உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. "மாப்ள, உங்க பொண்டாட்டி பெரியவளானப்போ எங்க தாய்மாமன் திட்டக்குடியில இருந்தாரு. ஆள் வுட்டுச் சொன்னோம். வரவே இல்ல. அவருக்கு எங்களவிடப் பெரிய எடத்துல சம்பந்தம் ஆயிடுச்சி, நாங்க கண்ணுக்குத் தெரியல. நான் ட்ராயர் போட்ட பையன். நானே நாலு கீத்த இழுத்தாந்து கட்டினேன். சாயங்காலம் காத்துல அதுவும் வுழுந்திடுச்சி. தெருவே சிரிச்சிது. என் தங்கச்சி பொண்ணுக்கு நான் இருக்கேன்னு ஊருக்குத் தெரிய வேணாமா? இத மட்டும் தடுக்காதீங்க."

என் மனைவி படிக்கட்டில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் சுத்தம் சுகாதாரம் பேசுகிறவள். "வுடுங்க. கொஞ்ச நாள்தான். அண்ணன் ஆசைப்படுது" என்றாள். நான் விட்டேன். மச்சான்மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி, மாற்றுத் துணி கொடுத்து உட்கார வைத்த பிறகு மச்சான் சம்சாரம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "மொதல்ல யாருடி பாத்தது?" முதலில் பார்த்தவர் யார் என்பதை வைத்து நல்லது கெட்டது சொல்வது வழக்கம். சுமங்கலி பார்த்தால் நல்லது, இன்னார் பார்த்தால் தோஷம் என்று அவரவர்க்கு ஒரு கணக்கு.

"அப்பாதான்" என்றாள் பிள்ளை, சிரித்துக்கொண்டே.

விஷயம் கேள்விப்பட்டு அறையில் கூடியிருந்த அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு வெளியே ஹாலில் கேட்டது. "அய்யய்யோ, அப்பன் கண்ணுலயா மொதல்ல பட்டுது?" என்று யாரோ. அப்புறம் குசுகுசு. நான் பெருமைப்பட்ட விஷயம் அந்த அறைக்குள் ஒரு விபத்தாகிவிட்டது. கோயிலுக்கு விளக்கு போட வேண்டும் என்றார்கள். சடங்கன்று மறுபடி தண்ணீர் ஊற்றும் வரை அப்பன் முகத்தில் பெண் விழிக்கவே கூடாது என்றார்கள். நான் எழுந்து போய்க் கத்தியிருப்பேன். எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் இறங்காது. மனைவி ஹாலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிடாத குறையாக என்னை உட்கார வைத்தாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். மனசு வேலையில் ஓடவில்லை. திரும்பும்போது ஒரு பேக்கரியில் அவளுக்குப் பிடித்த கிரீம் பன் வாங்கிக்கொண்டேன். மேலே அவளுக்கு உளுந்தங்களியும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயுமாக கொடுத்துக்கொண்டிருப்பார்கள், பாவம் என்று நினைத்தேன். தெருமுனையில் ஓடி வர ஆள் இல்லை. நேராக மொட்டை மாடிக்கு ஏறினேன். மச்சான் குடிசையை நன்றாகத்தான் கட்டியிருந்தார். காற்றுக்கு அசையவில்லை. ஓலைச் சந்து வழியாக அவள் மஞ்சள் தாவணியின் ஓரம் தெரிந்தது. அவளுக்கு யாரோ இறுக்கி ஜடை பின்னிப் பூ வைத்திருந்தார்கள்.

"யாரு?"

"அப்பாடா."

உள்ளே சட்டென்று ஓர் அசைவு. "அப்பா, வராத. நீ என்னப் பாக்கக் கூடாது."

"அதெல்லாம் சும்மாடா. பன் வாங்கியாந்திருக்கேன்."

"வராதப்பா. அத்தை சொன்னாங்க. மொதல்லயே நீ பாத்துட்ட. திரும்பப் பாத்தா உனக்கு ஏதாவது ஆயிடும்."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. அம்மாவக் கேளு, அம்மா நர்ஸ்தான?"

"அம்மாவும் அத்தை சொல்றதக் கேளுன்னுதான் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீயுந்தான சொன்ன, இங்க எல்லாரும் எப்படியோ அப்படி இருன்னு" என்றாள்.

நான் கீற்றை விலக்கப் போனேன். அவள் உள்ளேயிருந்து துண்டை எடுத்து அந்தச் சந்தில் அடைத்தாள். "போப்பா, ப்ளீஸ்" என்று அழுதாள். அதில் பிடிவாதமே இல்லை. கெஞ்சல்தான்.

கீழே இறங்கி வந்து கத்தினேன். பிள்ளையைப் பயமுறுத்தி வைத்திருக்கிறீர்களே, அவள் அப்பன் செத்துப் போவான் என்று ஒரு குழந்தையிடம் சொல்வீர்களா என்று, தெருவுக்கே கேட்கும்படி. மச்சான் சம்சாரம் நடுங்கிப் போனார். "எங்கம்மா எனக்குச் சொன்னதத்தாண்ணா சொன்னேன். நான் கெட்டதா நெனச்சிச் சொல்லல" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான் எழுந்து, "வாங்க மாப்ள" என்று என்னைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். குடிசைக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பாப்பா, மாமா சொல்றேன். அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. அப்பா உன்னப் பாக்கட்டும்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து கேட்டாள். "ஒருவேளை நெஜமா இருந்தா மாமா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். இல்லை என்று அடித்துச் சொல்லலாம், சொன்னேன்தான். ஆனால் என் உயிரை வைத்து அவள் பரீட்சை பார்க்கத் தயாராக இல்லை. மூடநம்பிக்கையோடு சண்டை போடலாம். பெற்ற மகள் நம்மேல் வைத்திருக்கும் பிரியத்தோடு என்ன சண்டை போடுவது? பன்னை வாசலில் வைத்தேன். ஒரு கை நீண்டு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சடங்கு வரைக்கும் நான் மேலே போகவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

சடங்கு சிதம்பரத்திலேயே ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மச்சான் அசத்திவிட்டார். மேல வீதியிலிருந்து பேண்ட் செட்டோடு சீர்வரிசைத் தட்டு வரிசையாக வந்தது. வாசலில் ஃப்ளெக்ஸ் போர்டு. அதில் மச்சான் வெள்ளைச் சட்டையில் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் மூலையில் ஸ்டாம்பு அளவில் இருந்தேன், விசாவுக்கு எடுத்த போட்டோ. எனக்கே சிரிப்பு வந்தது. அன்று மச்சான் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் ஊற்றி, பட்டுப்புடவை கட்டி, மாலையோடு அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இனிமேல் அப்பன் பார்க்கலாம் என்று உத்தரவு கிடைத்தது. நான் மேடை ஏறினேன். ஓடி வருவாள் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன். "அப்பா கால்ல வுழுடி" என்றார்கள். விழுந்தாள். புடவை தடுக்காமல், பழகியவள் மாதிரி, அழகாக விழுந்து எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். கீழே இரண்டு மூன்று பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "லண்டன்ல வளந்த பொண்ணா சார் இது? எவ்ளோ அடக்கம்! நல்லா வளத்திருக்கீங்க" என்றார்கள். நான் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூட நல்லது என்று சில நாள் தோன்றும். தெருமுனைக்கு அவள் வருவதில்லை. வயதுக்கு வந்த பெண் ரோட்டில் ஓடலாமா? தலை அவளே பின்னிக்கொண்டாள், என்னைவிட நன்றாக. நான் ரூமுக்குள் போனால் ஷாலைச் சரி செய்துகொண்டு எழுந்து நிற்பாள். கேட்டால் பதில் வரும். "சாப்டியா?" "சாப்டேன்பா." "ஸ்கூல் எப்படி?" "நல்லா இருக்குதுப்பா." வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. சமையலறையில் அம்மாவும் மகளும் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். நான் தண்ணீர் குடிக்கப் போனால் நின்றுவிடும். யாரும் அவளை அப்படி இருக்கச் சொல்லவில்லை. பள்ளியில் அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் தங்கள் அப்பாக்களோடு அப்படித்தான் இருந்தார்கள். அவள் இந்த ஊர்ப் பெண்ணாகிவிட்டாள், அவ்வளவுதான். நாங்கள் ஆசைப்பட்டதும் அதற்குத்தானே. நானும் மல்லுக்கட்டவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது உடம்பில் மல்லுக்கட்ட ஒன்றும் இருக்காது.

2012 மே மாதக் கடைசி. ஒன்பதாம் வகுப்புக்கு அவளைக் கடலூரில் ஹாஸ்டலோடு இருக்கிற ஒரு பெண்கள் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஆசைப்பட்டது அவள்தான், எனக்குச் சொன்னது என் மனைவி. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் மூன்று பேரும் ஹாலில் இருந்தோம். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டியின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில், புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டுக்கொண்டு இருந்தாள். ரொம்ப நேரமாக எதையோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். எனக்குத் தெரிந்தது. கேட்கலாமா என்று யோசித்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் பேச வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள். "அம்மா, நாளைக்கு என்னக் கொண்டுபோயி வுட அப்பா வருவாரான்னு கேளும்மா."

என் மனைவி கையில் இருந்த பாவாடையோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

கடலூர் வரைக்கும் என்ன, எந்த ஊர் வரைக்கும் வேண்டுமானாலும் வருவேன்டா என்று அவள் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். என் அப்பாவிடம் நானும் கடைசி வரைக்கும் என் அம்மா மூலமாகத்தான் பேசினேன், எங்களுக்கு அந்த வழி ஒன்றுதான் தெரியும்.

"வர்றேன்னு சொல்லு" என்றேன், மனைவியைப் பார்த்து.

"வருவாராம்டி" என்றாள் அவள்.